பிறேக் கட்டை றிம்முக்கு எட்டுமா? சைக்கிள் பிறேக் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டு வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில் போட்டு சைக்கிள் திருத்துகிறேன். அப்பாவும் இதே வேலைதான் செய்தார். அவர் காலத்தில் ஒரு சைக்கிளோடு வந்த சில்லு, போக் (முன் சில்லைப் பிடிக்கிற கவை), பிறேக் மூன்றும் அதோடேயே கிழடாகிப் போகும். இப்போது ஜப்பானில் ஓடிக் கழித்த பிறேமுக்குச் சீனத்துச் சில்லு, அதற்கு இந்தியாவில் செய்த பிறேக் என்று கலந்து கட்டித்தான் ஓடுகிறது. கலந்து கட்டுவதில் பிழை இல்லை. ஆனால் கையில் புதுப் பிறேக்கோடு வருகிறவர்கள் நிறைய, அளவோடு வருகிறவர்கள் அருமை. "எல்லாத்துக்கும் பொருந்துமாம் அண்ணன், கடைக்காரர் சொன்னவர்" என்பார்கள். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பிறேக்கை நான் இன்னும் காணவில்லை. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

பிறேக் றீச் என்றால் என்ன?

பிறேக்கைப் பூட்டுகிற போல்ட் துளையின் நடுவிலிருந்து, றிம்மின் பக்கத்தில் கட்டை (றிம்மை அழுத்துகிற ரப்பர்) பிடிக்கும் பட்டையின் நடு வரைக்கும் உள்ள நேர்க்குத்துத் தூரம். அவ்வளவுதான். முன்பக்கம் என்றால் துளை போக்கின் தலையில் இருக்கும். பின்பக்கம் என்றால் சீற்றுக்குக் கீழே இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களையும் இணைக்கிற சின்னக் குறுக்குக் குழாயில் இருக்கும்.

இந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது பிறேமும் போக்கும் சில்லும். பிறேக்கின் கையில் கட்டை ஏறி இறங்க ஒரு நீள்துளை இருக்கிறது. நீங்கள் அளந்த தூரம் அந்த நீள்துளையின் மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் இடையில் விழுந்தால் பிறேக் பொருந்தும், விழாவிட்டால் பொருந்தாது. பிறேக்கின் விலையோ மினுக்கமோ இதில் ஒன்றும் செய்யாது.

எப்படி அளப்பது?

சில்லைப் பூட்டி, அச்சை அது உட்காரும் வெட்டுக்குள் முட்ட வைத்து, இரண்டு நட்டையும் இறுக்குங்க. சில்லுக் கோணலாக நின்றால் அளவும் கோணல்தான். பழைய பிறேக்கைக் கழற்றிவிட்டு, துளையின் நடுவில் டேப்பை வைத்து, சில்லு நிற்கிற வாட்டத்திலேயே நேராக இறக்கி, றிம்மின் பக்கப்பட்டை நடுவுக்கு வரும் இடத்தை மில்லிமீற்றரில் வாசியுங்க. அங்குலத்தில் வாசித்தால் சரிவராது. இங்கே 3 மில்லிமீற்றர் பிழையே காரியத்தைக் கெடுக்கும்.

பலர் விடும் பிழை, துளையிலிருந்து றிம்மின் பக்கத்துக்குச் சாய்வாக டேப்பை இழுப்பது. றிம் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் விலகித்தான் அதன் பக்கம் இருக்கிறது. சாய்வாக இழுத்தால் அளவு கூடிக் காட்டும். நான் செய்வது இது: துளைக்குள் ஒரு பழைய ஸ்போக்கை நுழைத்து, அது நடுவில் நிற்கும்படி இரண்டு பக்கமும் சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்குவேன். றிம்மின் பக்கப்பட்டையில் நடு எங்கேயோ அங்கே சோக்கால் ஒரு கோடு. பிறகு ஸ்போக்கிலிருந்து கோட்டின் மட்டத்துக்கு ஒரு உருக்கு அடிமட்டம். ஒரு நிமிட வேலை. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகச் செய்யுங்க, இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரே சைக்கிளில் முன்னால் 50, பின்னால் 58 என்று வருவது வழமை.

பின் சில்லை முன்பின் தள்ளலாமே, எந்த இடத்தில் வைத்து அளப்பது?

நல்ல கேள்வி. செயின் இறுக்கமாக, நீங்கள் உண்மையாக ஓடுகிற நிலையில் வைத்து அளக்க வேணும். பின் வெட்டு கிடையாக உள்ள பிறேமில் அச்சை 10 மில்லிமீற்றர் பின்னுக்கு இழுத்தால், றிம் குறுக்குக் குழாயை விட்டு 5, 6 மில்லிமீற்றர் விலகிவிடும். செயின் நாள்பட நீளும், நீங்களும் சில்லைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போவீங்க. அதனால் பின் பிறேக்கில் கட்டை நீள்துளையின் கீழ் நுனியில் ஏற்கெனவே முட்டி நின்றால் அதை வாங்க வேண்டாம். கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேணும்.

சில்லு இன்னும் வாங்கவில்லை. அளக்க முடியுமா?

முடியும். அச்சு உட்காரும் வெட்டின் நடுவிலிருந்து பிறேக் துளையின் நடு வரைக்கும் அளந்து, அதிலிருந்து றிம்மின் விட்டத்தில் பாதியைக் கழியுங்க. இங்கே விட்டம் என்று சொல்வது ரயரின் கம்பி விளிம்பு றிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். கட்டை பிடிக்கும் பட்டையின் நடு ஏறத்தாழ அந்த வட்டத்தோடு ஒத்து வரும், ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடக்குறைய இருக்கலாம்.

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த போக்கில் அச்சிலிருந்து துளைக்கு 362 மில்லிமீற்றர். 700சி என்று எழுதிய சில்லு என்றால் றிம் விட்டம் 622, அதில் பாதி 311, றீச் 51. பழைய 27 அங்குலச் சில்லு என்றால் 630-இல் பாதி 315, றீச் 47. 26 x 1½ போட்டால் 584-இல் பாதி 292, றீச் 70. ஒரே போக், மூன்று சில்லு, மூன்று வேறு பிறேக். கணக்கைச் சிமெந்து நிலத்தில் சோக்கால் எழுதிக் காட்டினேன். அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

26 என்று எழுதிய சில்லு எல்லாம் ஒரே அளவுதானே?

இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம் இது. 26 அங்குலம் என்பது ரயரின் வெளி விட்டத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர். மெல்லிய ரயரோ தடித்த ரயரோ, வெளியில் 26 வந்தால் 26 என்றார்கள். உள்ளே றிம் எவ்வளவு என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு.

26 x 1⅜ என்றால் 590 மில்லிமீற்றர். 26 x 1½ என்றால் 584. மவுன்டன் சைக்கிளில் வரும் 26 x 1.75, 26 x 1.95, 26 x 2.1 எல்லாம் 559. இன்னும் வேடிக்கை, 26 x 1¾ என்று பின்னத்தில் எழுதினால் 571. 1.75-உம் 1¾-உம் கணக்கில் ஒன்றுதான், சைக்கிளில் ஒன்றில்லை. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் ஒரு வாத்தியாருக்கு இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது.

28-உம் அப்படித்தான். எங்கள் பெரிய கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ என்பது 635. புது ரயரில் 700சி-க்குப் பக்கத்தில் 28 என்று போட்டிருப்பது 622. 27-க்கு வந்தால் பழைய ரேஸ் சைக்கிளின் 27 x 1¼ என்பது 630. ஆனால் ஜப்பான் வீட்டுச் சைக்கிளில் வரும் 27 x 1⅜ என்பது 609. அந்த ரயர் அதற்கே உரியது, வேறு எதிலும் ஏறாது.

அங்குலத்தை மறந்துவிட்டு ரயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இலக்கத்தைத் தேடுங்க. 37-590, 32-622, 47-559 என்று இருக்கும். முதல் இலக்கம் ரயரின் அகலம், இரண்டாவது இலக்கம் றிம்மின் விட்டம். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. சேறு அப்பியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்க, பெரும்பாலும் இருக்கும்.

ஜப்பான் சைக்கிள் ஒன்று இருக்கிறது. முன் சில்லு நெளிந்துவிட்டது. மவுன்டன் சைக்கிளின் அலுமினியச் சில்லைப் போடலாமா?

அச்சு ஏறும், சில்லு சுற்றும், பிறேக் பிடிக்காது. 590-க்கும் 559-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி 15.5 மில்லிமீற்றர். அதாவது றிம் அவ்வளவு கீழே இறங்கிவிட்டது. கட்டை இப்போது றிம்முக்கு மேலே, ரயரின் பக்கத்தில் நிற்கும்.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இப்படி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் பள்ளிக்கூடம் போகிற சைக்கிள். "பிறேக் நல்லாப் பிடிச்சுதே, ரெண்டு நாளாத்தான் டும் எண்டு ஒரு சத்தம், மறுகா காத்து நிக்கல்ல" என்றார். நல்லாய்ப் பிடித்ததுதான். ரப்பர் ரப்பரைப் பிடித்தால் பிடிக்காமல் என்ன? ரயரின் பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். கட்டை உரசிய இடத்தில் வட்டம் முழுக்க ஒரு வாய்க்கால், அதற்குள் நூல் தெரிந்தது. ஓரிடத்தில் நூலும் அறுந்து ரியூப் நாவற்பழம் மாதிரி வெளியே தள்ளி வெடித்திருந்தது. அந்தப் பிள்ளை வேகமாக வரும்போது முன் சில்லில் இது நடக்காதது கடவுள் செயல்.

590 றிம்மையே தேடிப் போட்டேன். பழைய ஹப்பில் (சில்லின் நடு உருளை) அதே ஸ்போக்குகளோடு கட்டினேன். ஜப்பான் சைக்கிளில் ஒரு வசதி, பின் பிறேக் பெரும்பாலும் ஹப்பில் இருக்கும் பேண்ட் பிறேக். அதற்கு றிம் எந்த அளவானாலும் கவலையில்லை. றீச் பார்க்க வேண்டியது முன்னுக்கு மட்டும்.

கடையில் என்ன றீச்சில் பிறேக் கிடைக்கும்?

கலிப்பர் பிறேக், அதாவது ஒரே போல்ட்டில் பூட்டி நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் றிம்மைப் பிடிப்பது. அதை மூன்று கூட்டமாக வைத்துக்கொள்ளுங்க. ரேஸ் சைக்கிளுக்கு வரும் குட்டை பிறேக் 39 முதல் 49 மில்லிமீற்றர் வரை. நடுத்தரம் 47 முதல் 57 வரை: ஷிமானோ ஆர்451, டெக்ட்ரோ ஆர்539 இந்த அளவு. நீளம் 55 முதல் 73 வரை: டெக்ட்ரோ ஆர்559 அப்படி. பெட்டியிலோ பிறேக்கின் பின்பக்கத்திலோ சில வேளை அளவு இருக்கும். பெயர் தெரியாத பிறேக்கில் இருக்காது. அப்போது நீங்களே அளந்து பார்க்கலாம். பூட்டும் போல்ட்டின் நடுவிலிருந்து நீள்துளையின் மேல் நுனிக்குக் கட்டையை ஏற்றி ஒரு அளவு, கீழ் நுனிக்கு இறக்கி ஒரு அளவு. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

உங்கள் அளவு 48 என்று வந்தால் குட்டையும் பொருந்தும், நடுத்தரமும் பொருந்தும். குட்டையை வாங்கினால் கட்டை கீழ் நுனியில், நடுத்தரத்தை வாங்கினால் மேல் நுனியில். ரயர் மெல்லியது, மட்காட் வேண்டாம் என்றால் குட்டை. இல்லாவிட்டால் நடுத்தரம். எங்கள் ஊர் மாரிக்கு மட்காட் இல்லாமல் ஓடுகிறவரை நான் வாலிபர் என்று மட்டும் சொல்வேன்.

இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் எட்டவில்லை. நீள்துளையை அரத்தால் தேய்த்து நீட்டலாமா?

வேண்டாம். இதை நான் செய்து பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பாவின் வட்ட அரத்தை எடுத்து பின் பிறேக்கின் இரண்டு கையிலும் நீள்துளையை நாலு மில்லிமீற்றர் கீழே இறக்கினேன். கட்டை றிம்மில் அழகாக உட்கார்ந்தது. அப்பாவிடம் காட்டவில்லை, காட்டினால் அரத்தால் எனக்கே விழுந்திருக்கும். மூன்று கிழமை ஓடியது. பாலத்திலிருந்து இறங்கும்போது ஒரு மாடு குறுக்கே வர, முழுப் பலத்தோடு பிடித்தேன். நீள்துளைக்குக் கீழே மிஞ்சியிருந்த மெல்லிய அலுமினியம் வெடித்து, கட்டை றிம்மை விட்டு வழுக்கி ஸ்போக்குக்குள் போனது. மூன்று ஸ்போக் முறிந்தது, முழங்கை உரிந்தது. மாடு நின்று பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பிறேக் கை இன்னும் கொட்டிலில் ஒரு ஆணியில் தொங்குகிறது. அரம் கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

ஒரு தகட்டுத் துண்டு செய்து பிறேக்கையே கீழே இறக்கிப் பூட்டினால்?

லேத் கடைகளில் அப்படிச் செய்து கொடுக்கிறார்கள். மேலே ஒரு துளை பிறேமுக்கு, கீழே ஒரு துளை பிறேக்குக்கு. பின்னுக்கு, நல்ல உருக்கில், தடிப்பாகச் செய்தால் ஏற்றுக்கொள்வேன். முன்னுக்கு ஒருநாளும் பூட்டித் தரமாட்டேன்.

காரணம் சில்லு சுற்றும் திசை. கட்டை றிம்மைப் பிடித்த உடனே றிம் கட்டையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். பின்பக்கம் பிறேக் குழாய்களுக்குப் பின்னால் நிற்கிறது, றிம் அதைக் குழாய்களை நோக்கியே இழுக்கிறது. சாய்வதற்குச் சுவர் இருக்கிறது. முன்பக்கம் பிறேக் போக்குக்கு முன்னால் நிற்கிறது, றிம் அதை போக்கை விட்டு வெளியே இழுக்கிறது. முழுப் பாரமும் ஒரு போல்ட்டிலும் அந்தத் தகட்டிலும்தான். அதோடு பிறேக்கில் பெரும் வேலை முன் பிறேக்குடையது. நீங்கள் பிடிக்கும்போது உடம்பு முன்னுக்குச் சாய்கிறது அல்லவா, பாரம் எல்லாம் முன் சில்லுக்கே போகிறது.

பழைய 27 அங்குல ரேஸ் சைக்கிளுக்கு 700சி சில்லு போட ஆசை. பிறேக் மாற்ற வேணுமா?

வித்தியாசம் 4 மில்லிமீற்றர்தான். இப்போது கட்டை நீள்துளையில் எங்கே நிற்கிறது என்று பாருங்க. கீழே 4 மில்லிமீற்றர் இடம் இருந்தால் கட்டையை இறக்கிப் பூட்டிவிட்டு ஓடுங்க, செலவு இல்லை. 27-க்கு ரயர் தேடி அலைவதை விட இது நல்ல வேலை. ரயருக்கு மேலே இடமும் கொஞ்சம் கூடும், சற்றுத் தடித்த ரயர் போடலாம்.

அப்பப்பாவின் 28 அங்குல கம்பி பிறேக் சைக்கிளை வயர் பிறேக்குக்கு மாற்றலாமா?

மாற்றுமுன் றிம்மைப் பாருங்க. கம்பி பிறேக் றிம்மின் பக்கத்தைப் பிடிப்பதில்லை. கட்டை இரண்டும் றிம்மின் உட்புறத்தில், ஹப்பைப் பார்த்த பக்கத்தில் கீழிருந்து மேலே இழுத்துப் பிடிக்கும். அதற்கென்றே அந்த றிம் செய்யப்பட்டது. அதன் பக்கங்கள் உருண்டையாக இருக்கும், தட்டையான பட்டை கிடையாது. கலிப்பர் கட்டைக்கு அங்கே பிடிக்க இடமே இல்லை. ஆகவே றீச் கணக்குப் பார்க்க முதல் றிம்மையே மாற்ற வேணும். 635-இலேயே தட்டைப் பக்க றிம் கிடைத்தால் அது. 622-க்கு இறங்கினால் றிம் 6.5 மில்லிமீற்றர் கீழே போகும், அதையும் கணக்கில் சேருங்க. போக்கின் தலையில் துளை இருக்கிறதா, அது பிறேக்கின் பாரத்தைத் தாங்குமா அல்லது மட்காட் பிடிக்க மட்டும் போட்ட துளையா என்று பிறகுதான் பார்க்க வேணும்.

மண்டூரிலிருந்து ஒருவர் குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவை) சைக்கிளை ஏற்றிக்கொண்டு இதே கேள்வியோடு வந்தார். தகப்பனின் தகப்பன் நெல் மூட்டை ஏற்றிய சைக்கிள். கம்பிகளின் மூட்டு எல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தது, அவ்வளவுதான் நோய். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெய் விட்டு, புதுக் கட்டை போட்டேன். பிறேக் பழையபடி பிடித்தது. எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆகவேணும் என்று இல்லை.

நீளமான பிறேக் பிடிப்பு குறைவு என்கிறார்கள், உண்மையா?

உண்மை. கிணற்றுத் துலாவை நினையுங்க. வயர் இழுக்கும் பக்கம் அப்படியே இருக்க, கட்டை இருக்கும் பக்கம் நீண்டால் கட்டையில் விழும் அழுத்தம் குறையும். ஒரே 47–57 பிறேக்கில் கட்டையை மேல் நுனியிலிருந்து கீழ் நுனிக்கு இறக்கினாலே, அதே பிடிப்புக்கு உங்கள் கை ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேணும். நீளம் கூடக் கூட பிறேக் கை வளைந்து கொடுப்பதும் சேரும். மலிவான தகட்டுப் பிறேக்கை ஒருவர் அழுத்த, நீங்கள் முன்னால் குந்தி இருந்து பாருங்க, பிறேக் கை நெளிவது கண்ணுக்கே தெரியும்.

அதனால் தேவையான நீளத்துக்கு மேல் வாங்காதீங்க. நீண்டதுதான் வேண்டும் என்றால் இரட்டை அச்சுள்ள (இரண்டு கையும் தனித்தனி அச்சில் சுழலும்) பிறேக்காகவும், கட்டை நல்ல ரப்பராகவும் பாருங்க. மட்டக்களப்பு தட்டையான ஊர், பாலத்தைத் தவிர இறக்கம் ஏது என்று நினைக்கலாம். அம்பாறைப் பக்கம் உள்ளே போனால் இறக்கம் இருக்கிறது. கரியரில் மீன் பெட்டியோடு போகிறவருக்குத் தட்டை நிலமும் போதும்.

போக்கில் வி-பிறேக் காது இருக்கிறது. வேறு அளவுச் சில்லு போட்டால் கட்டையை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாமா?

காது என்பது வி-பிறேக்கின் இரண்டு தனிக் கைகளையும் பூட்ட போக்கின் இரு பக்கமும் ஒட்டிய முளைகள். அது எந்தச் சில்லுக்கு ஒட்டப்பட்டதோ அதற்குத்தான். வி-பிறேக்கில் கட்டை ஏறி இறங்கும் இடம் மிகக் கொஞ்சம். 559-க்கும் 622-க்கும் இடையில் 31.5 மில்லிமீற்றர் இருக்கிறது, கனவிலும் எட்டாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வி-பிறேக் லீவர் வயரைக் கூடுதலாக இழுக்கும், கலிப்பர் லீவர் குறைவாக இழுக்கும். வி-லீவரோடு கலிப்பரைப் பூட்டினால் லீவர் கல்லு மாதிரி இருக்கும், பிடிப்பு வராது. மாறிப் பூட்டினால் லீவர் ஹாண்டிலில் முட்டும், கட்டை றிம்மை அரைகுறையாகத் தொடும். பிறேக் மாற்றினால் லீவரையும் பார்க்க வேணும்.

போக்கை மட்டும் மாற்றினால்?

அச்சிலிருந்து துளைக்கு உள்ள தூரம் மாறும், றீச்சும் மாறும். பழைய முன் பிறேக் எட்டும் என்று நம்பி வாங்காதீங்க. பழைய போக்கையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்தி, அச்சை மட்டம் பார்த்து, துளைகளை ஒப்பிட்டாலே போதும். போக் நீண்டதானால் சைக்கிளின் முகம் உயரும். 20 மில்லிமீற்றர் உயர்ந்தால் ஹாண்டில் குழாயின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை மாறும், திருப்பும்போது கையில் தெரியும்.

பிறேக்கின் போல்ட் குட்டையாக இருக்கிறது, பின்னால் நட் பூட்ட வரவில்லை.

அது பழுது இல்லை, வேறு வகை. பழைய முறையில் நீண்ட போல்ட் இரண்டு பக்கமும் துளைத்து வெளியே வந்து நட்டில் முடியும். புதிய முறையில் குட்டைப் போல்ட், ஒரு குழாய் நட் பின்பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து அதைப் பிடிக்கும், அலன் கீயால் இறுக்குவது. அதற்குப் பின்பக்கத் துளை 8 மில்லிமீற்றர் வேணும். பழைய போக்கில் இரண்டு பக்கமும் 6 அளவுதான்.

உருக்குப் போக் என்றால் பின்பக்கத் துளையை மட்டும் 8-க்குப் பெருப்பிக்கலாம். முன்பக்கத் துளையைத் தொடவே கூடாது, தொட்டால் போல்ட் ஆடும். பின் பிறேக்குக்கு இன்னும் சுகமான வழி, முன் பிறேக்கை வாங்கிப் பின்னுக்குப் பூட்டுவது. முன் பிறேக்கின் போல்ட் நீளம், மெல்லிய குறுக்குக் குழாயைத் துளைத்து வெளியே வரும், சாதாரண நட் போதும். உருண்டைக் குழாயில் வளைந்த வாஷர் போட மறக்க வேண்டாம். தட்டை வாஷர் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் பிறேக் ஒரு பக்கம் சரியும்.

புதிதாகப் பூட்டியபோது கட்டை சரியாக நின்றது. இரண்டு மாதத்தில் ரயரில் முட்டுகிறது. ஏன்?

கட்டை தேயத் தேய பிறேக் கை இன்னும் உள்ளே சுழல வேணும், சுழலும்போது கட்டையின் உயரமும் மாறும். நடுவில் ஒரே அச்சுள்ள பிறேக்கில் இரண்டு கட்டையும் கொஞ்சம் கீழே, ஸ்போக் பக்கம் இறங்கும். இரட்டை அச்சுப் பிறேக்கில் ஒரு கட்டை கீழே இறங்க, பக்கவாட்டு அச்சில் சுழலும் மற்றது மேலே ஏறும். ரயரில் முட்டுவது அதுதான். வி-பிறேக்கில் காது றிம்முக்குக் கீழே இருப்பதால் கட்டை கீழே இறங்கும்.

ஆகவே பூட்டும்போதே அந்தப் பக்கத்துக்கு இடம் விட்டுப் பூட்டுங்க. ஏறுகிற கட்டையைப் பட்டையின் கீழ்ப்பாதியிலும், இறங்குகிறதை மேல்பாதியிலும் வைக்கலாம். றீச் நுனியில் முட்டி நின்றால் இந்தச் சுதந்திரம் உங்களுக்கு இருக்காது. நீள்துளையின் நடுவில் கட்டை நிற்கிற பிறேக்கைத் தேடச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர்கள் கட்டையை மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்க. மணல் ரப்பருக்குள் புதைந்து றிம்மை அராவும். குண்டூசியால் குத்தி எடுத்துவிட்டால் போதும்.

எல்லாம் சரியாக எட்டுகிறது, மழையில் மட்டும் பிடிக்கவில்லை.

அது றீச்சின் குற்றமில்லை, றிம்மின் குற்றம். குரோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் கட்டை சறுக்கிக்கொண்டே இருக்கும். கார்த்திகை மார்கழியில் குரோம் றிம்மோடு பாலத்தில் இறங்குகிறவர்கள் முன்கூட்டியே இலேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட்டு, பிறகு இறுக்கிப் பிடிக்க வேணும். அலுமினிய றிம் மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்க. மாற்றும்போது அதே விட்டத்தில் வாங்குங்க, இல்லையென்றால் மேலே முதல் கேள்வியிலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டி வரும்.

உங்களிடம் வரும்போது என்ன கொண்டுவர வேணும்? அளக்க எவ்வளவு?

சைக்கிளையும், போடப்போகிற சில்லையும் ரயரோடு கொண்டு வாங்க. மட்காட் போடுவதாக இருந்தால் அதையும். பிறேக்கைக் கொண்டுவர வேண்டாம், இன்னும் வாங்காதீங்க. அளக்கக் காசு இல்லை. அளவை ஒரு காகிதத்தில் முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று எழுதித் தருவேன், அதைக் கொண்டுபோய் உங்களுக்கு விருப்பமான கடையில் வாங்கலாம். மத்தியானம் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் மட்டும் வர வேண்டாம். அந்த நேரம் கொட்டிலுக்குள் தகரம் கொதிக்கும், நான் உள்ளே படுத்திருப்பேன்.